நாலு கட்டையில் சித்தி

சித்தி எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கென்றுதான் வந்தாள். சக்கரம் வைத்த ஒரே பெட்டி, அதில் பாதி மேடை உடுப்பு. அம்மா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்பா கப்பலில் இன்ஜின் பார்ப்பவர். விடுப்பு முடிந்து கிளம்பியே ஆகவேண்டும். எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஆறு. தம்பி சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தான்.

அந்த வருடம் சித்தியின் முதல் பாப் ஆல்பம் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அட்டைப்படத்தில் பாதி முடிக்கு நீலச் சாயம் பூசி, ஒற்றைக் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்பாள். மேடையில் அவளுக்கு மின்னல் என்று பட்டப்பெயர். அந்த மின்னல் எங்கள் அடுப்பில் வைத்த முதல் பால் பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது.

"பாட்டுன்னா இன்னொரு டேக் போயிருக்கலாம்" என்று முணுமுணுத்தபடி துடைத்தாள். அம்மா போனபிறகு தங்கை சிரித்தது அன்றைக்குத்தான்.

பதினெட்டு ஊர்களில் நடக்கவிருந்த நிகழ்ச்சிகளை முதலில் தள்ளிப்போட்டாள், பிறகு வேண்டாமென்று சொல்லிவிட்டாள். பாட்டுக் கம்பெனி இன்னொரு பெண்ணைப் பிடித்தது. அவள் முடிக்குச் சிவப்புச் சாயம். ஒவ்வொரு விடுப்பிலும் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்பார்: "நீ போகணும்னா சொல்லும்மா. நான் ஏதாவது ஏற்பாடு பண்றேன்."

"சின்னவன் பள்ளிக்கூடம் சேரட்டும் மாமா."

பிறகு தங்கையின் பரீட்சை. பிறகு எனக்கு மஞ்சள்காமாலை. இப்படியே பதினேழு வருடம் ஓடிவிட்டது. நடுவில், பேருந்து நிலைய அறிவிப்புகளைப் பதிவு செய்ய ஒரு குரல் தேவைப்பட்டபோது சித்தி போய்ப் பேசிக் கொடுத்தாள். பள்ளிக்குப் போகும்போதெல்லாம் "பயணிகள் கவனத்துக்கு" என்று நிலையத்துக் கூரை ஒலிபெருக்கியிலிருந்து சித்தி கூப்பிடுவாள். தம்பி நிமிர்ந்து "வர்றேன் சித்தி" என்பான். பக்கத்தில் நிற்பவர்கள் அவனை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

தம்பி கல்லூரி விடுதிக்குப் போன மாதம், சித்தியின் முதல் ஆல்பத்துக்கு வாசித்த கீபோர்டுக்காரர் போன் செய்தார். டயர் கடைக்கு மேலே சொந்தமாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். எட்டுப் பாட்டு, புது ஆல்பம் என்றார்.

"என் தொண்டை துருப்பிடிச்சுப் போச்சுங்க. ஆளை விடுங்க" என்று வைத்துவிட்டாள். ஆனால் மறுநாள் குளியலறையில் வாளி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஸ்வரம் கேட்டது. நான் கதவைத் தட்டவில்லை.

ஸ்டூடியோவுக்கு நான்தான் துணைக்குப் போனேன். சித்தி பிடிவாதமாக ஐந்து கட்டையில்தான் ஆரம்பித்தாள், அந்தக் காலத்துச் சுருதி. உச்சிக்குப் போகும்போது குரல் பிசிறியது. மறுபடி பாடினாள். மூன்றாவது தடவை ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நாலுக்கு இறங்கு" என்றார் கீபோர்டுக்காரர்.

"மின்னல் அஞ்சுலதான் பாடுவா."

"அவ வந்தா அஞ்சுல பாடட்டும். இப்ப வந்திருக்கிறது நீ. நாலுல பாடு."

சித்தி விறுவிறுவென்று படிக்கட்டுக்கு வந்துவிட்டாள். நானும் பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். பல வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"எங்களாலதான் எல்லாம் போச்சுன்னு நினைச்சிருக்கியா சித்தி?"

இல்லை என்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"நினைச்சிருக்கேன். உனக்குக் காமாலை வந்து கிடந்தப்ப நினைக்கல. நீ எழுந்து விளையாடப் போன அன்னிக்கு நினைச்சேன். உட்கார்ந்து நல்லா அழுதேன்." என் தலையில் லேசாகக் குட்டினாள். "அப்புறம் நீ பசிக்குதுன்னு வந்து நின்ன. அழுகைக்கு எங்க நேரம்?"

எனக்குக் கண் கலங்கியது. அவள் எழுந்து உடுப்பைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

நாலு கட்டையில் அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரலாக இருந்தது. காய்ச்சலில் கிடந்த எங்கள் நெற்றியைத் தொட்டுக்கொண்டு முணுமுணுத்ததும், கணக்கு வராத தங்கையைச் சமாதானப்படுத்தியதும் இதே குரல்தான். கீபோர்டுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஆல்பம் பழையது போல ஊரைக் கலக்கவில்லை. அட்டையில் சித்தி நரைமுடியோடு, இரண்டு கண்ணும் தெரிய நிற்கிறாள். ஆனால் முதல் ஆல்பம் வந்த காலத்தில் கல்லூரியில் படித்த பெண்கள் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். முந்நூறு இருக்கை கொண்ட ஒரு அரங்கம் நிரம்பியது. பிறகு பக்கத்து ஊர்களிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

போன சனிக்கிழமை தம்பி விடுதியிலிருந்து பேசினான்.

"அக்கா, சித்திகிட்ட குடு."

"சித்தி வீட்ல இல்லடா. வேற ஊர்ல பாடுறா. வர நாலு நாள் ஆகும்."

"நாலு நாளா? யாரைக் கேட்டுப் போனா?" என்றான், நிஜமாகவே கோபமாக. பிறகு அவனே சிரித்துவிட்டான்.