சங்கிலி பிடித்த வில்மா

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் யாருக்கும் பல் வலிக்கக் கூடாது. பல் டாக்டர் பள்ளி மைதானத்தில் இருப்பார். பாதிரியாரும் அங்கேதான். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை கல்யாணத்துக்குத் தேதி கேட்டால், "மேட்ச் அட்டவணையைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். அமெரிக்காவில் எங்கள் ஒஹாயோக்காரர்களுக்கு ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான்.

வில்மா ஹோர்வாத் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஐம்பது பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காமலே அடக்கிய குரல் அவருக்கு. அந்தக் குரலோடு கேலரியில் உட்கார்ந்தால் நடுவர்கள் என்ன ஆவார்கள்? ஒரே சீசனில் மூன்று முறை வெளியேற்றப்பட்டார். மூன்றாவது முறை, பேண்டு வாத்தியத்தையும் மீறிக் கேட்டது: "யோவ், கண்ணாடியை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?"

மறுநாள் தலைமையாசிரியை பிராட் அவரைக் கூப்பிட்டார்.

"வில்மா, இனிமே நீங்க கேலரிப் பக்கம் வரக் கூடாது. மேட்ச் பார்க்கணும்னா ஒரே வழி. சங்கிலி பிடிங்க."

இரண்டு கம்பு, நடுவில் பத்து கெஜச் சங்கிலி. நாலு முயற்சிக்குள் அந்தத் தூரத்தைக் கடக்காத அணி பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். பின்கம்பு என்னிடம் இருந்தது, முன்கம்பு வில்மாவிடம் வந்தது. எதிரணி நிற்கும் ஓரத்தில்தான் எங்கள் இடம். சங்கிலி பிடிப்பவர்கள் கைதட்டக் கூடாது, கத்தவும் கூடாது.

முதல் மேட்சில் வில்மா தன் மப்ளரைக் கடித்துக்கொண்டே நின்றார்.

"ரே, எனக்கு நெஞ்சு அடைக்குதுடா."

"பேசாதீங்க வில்மா, நடுவர் பார்க்கிறாரு."

"மூச்சு விடலாமா, அதுக்கும் விதி இருக்கா?"

அந்த வருடக் கடைசி மேட்ச், பக்கத்து ஊர் மெரிடனோடு. இரண்டு நிமிடம் பாக்கி, நாங்கள் நாலு புள்ளி பின்தங்கியிருந்தோம். நாலாவது முயற்சியில் எங்கள் பையன் பந்தோடு குவியலுக்கு அடியில் விழுந்தான். கடந்தானா இல்லையா என்று தெரியவில்லை. அளக்கச் சொல்லி நடுவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். சங்கிலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினோம்.

கேலரி முழுக்க எழுந்து "வில்மா! வில்மா!" என்று கத்தியது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியது அவர் கணவர் எம்மெட். சங்கிலியைச் சற்றே தொய்வாக விட்டால் போதும், முன்கம்பு பந்துக்கு இப்பாலேயே நின்றுவிடும், பந்து எங்களுடையது. நடுவர் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வில்மா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு என் கைக்கம்பு ஆடும் அளவுக்கு இழுத்து, விறைப்பாக ஊன்றினார்.

இரண்டு விரல்கடை குறைவு. பந்து மெரிடனுக்குப் போனது. தோற்றோம்.

மேட்ச் முடிந்ததும் மெரிடன் கோச் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"மேடம், ரொம்ப நேர்மையா அளந்தீங்க. நன்றி."

வில்மா கம்பைக் கீழே வைத்தார். மப்ளரை அவிழ்த்தார்.

"நன்றியை நீயே வெச்சுக்கோ! உன் பசங்க ஏழு தடவ சட்டையைப் பிடிச்சு இழுத்தானுங்க, ஏழையும் எண்ணி வெச்சிருக்கேன்! அந்த முப்பத்திரண்டாம் நம்பர் பய இருக்கானே..."

கோச் தன் அணியின் பேருந்து வரை பின்வாங்கிக்கொண்டே போனார். வில்மா விடவில்லை, கூடவே போனார்.

எம்மெட் ஒன்பது நாள் மனைவியோடு பேசவில்லை. பத்தாம் நாள் உப்பு கேட்டார்.

அடுத்த வருடம் தலைமையாசிரியை தடையை நீக்கினார். வில்மா கம்பளிப் போர்வையோடு கேலரியில் போய் உட்கார்ந்தார். முன்கம்பு எம்மெட்டின் கைக்கு வந்தது. ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில் பாதிகூட ஆகவில்லை, வேலி ஓரத்தில் வில்மாவின் குரல்.

"எம்மெட், கம்பைக் குடு. நீ சாய்ச்சுப் பிடிக்கிற. மேல இருந்து பார்த்தா ஒரு எழவும் தெரியல, எல்லாம் எறும்பு மாதிரி இருக்கு."

எம்மெட் கம்பைக் கொடுத்துவிட்டுக் கேலரிக்கு ஏறினார். அதன்பின் பதினோரு வருடம் வில்மாதான் முன்கம்பு. எம்மெட் மேலே நிம்மதியாகக் கடலை கொறித்தபடி மேட்ச் பார்த்தார்.