பிடித்த வேலை எது என்று கேட்கும் வேலை

நாற்பது வயதுக்காரரை உட்காரவைத்து, "உங்களுக்கு என்ன வேலை செய்யப் பிடிக்கும்?" என்று கேட்டால் முதலில் சந்தேகமாகப் பார்ப்பார்; பிறகு, "எதுவா இருந்தாலும் சரி" என்பார். 1970களில் ஃபேரர் பார்க்கில், வேலை தேடித் தரும் ஒரு மாடி அலுவலகத்தில் இப்படிக் கேட்பதுதான் என் உத்தியோகம். வேலை மாறத் தவித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், அந்த நாற்காலியின் சங்கடம் புரியும்.

தானாகச் செய்தது

சவரிமுத்து செம்பவாங் கப்பல் பட்டறையில் ஸ்டோர்கீப்பர். வெள்ளைக்காரர்களின் கடற்படை கிளம்பியபோது வேலை போய்விட்டது. நான்கு பிள்ளைகள். "வாசல்ல காவலுக்கு உக்காருற ஜாகா வேலைன்னாலும் போறேன் சார்" என்றார். பட்டறையில் யாரும் சொல்லாமல் தானாகச் செய்தது ஏதாவது உண்டா என்று கேட்டேன். யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவாராம். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழிலோ மலாயிலோ ஹொக்கியன் சீனத்திலோ எடுத்துச் சொல்வாராம். இதைச் சொல்லும்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

படிப்பு போதாது என்று இரண்டு ஆஸ்பத்திரிகளில் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவதில், வலியில் கத்திக்கொண்டிருந்த ஒரு சீன முதியவரின் கையைப் பிடித்துப் பேசி, எங்கே வலிக்கிறது என்று நர்ஸிடம் சொன்னார். மறுவாரமே வார்டு உதவியாளர் ஆகிவிட்டார். ஒரு வருடம் கழித்து என்னைப் பார்க்க வந்தபோது சொன்னார்: "முன்னாடி லீவு போட்டுச் செஞ்சேன் சார். இப்ப அதே வேலைக்குச் சம்பளத்தோட லீவும் குடுக்குறாங்க."

டீ குடிக்கப் போனவர்

பன்னிரண்டு வருடம் ரேடியோ ஃபேக்டரியில் கம்பி பற்றவைத்தது போதும் என்று வந்தவர் கமலம். நான் கேட்டதற்கெல்லாம் கூட வந்த கணவரே பதில் சொன்னார். அவரைக் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் கமலம் மெதுவாக, "வண்டி ஓட்டணும் சார். பெரிய வண்டி" என்றார். தினமும் ஃபேக்டரி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் கியர் மாற்றுவதையே பார்த்துக்கொண்டு போவாராம்.

விஷயம் தெரிந்து கணவர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டெஸ்ட்டில் கமலம் இரண்டு முறை தோற்றார். அழுதுகொண்டே மறுபடியும் பணம் கட்டினார். மூன்றாவது டெஸ்ட்டுக்குக் கணவரே லீவு எடுத்துக் கூட வந்தார். பாஸ். அடுத்த வருடம் பள்ளிப் பிள்ளைகளின் பஸ் கமலத்தின் கைக்கு வந்தது. தேக்கா மார்க்கெட்டில் அந்தக் கணவரைப் பார்த்தேன். முகம் கொள்ளாத பெருமை. "வீட்ல நான்தான் பேசுவேன் சார். பஸ்ல ஏறினா, டிரைவர்கிட்ட பேசாதீங்கன்னு போர்டைக் காட்டுறா."

என் முறை

எண்பதுகளில், வேலை தேடி வருபவர்களிடம் கேட்கப் புதுக் கேள்வித்தாள் வந்தது. பழகிக்கொள்வதற்காகப் பக்கத்து மேசை தெரசா என்னிடம் கேட்டுப் பார்த்தார். அப்போது டோபி காட் வட்டாரத்தில் வேறொரு ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்து, கடிதம் சட்டைப்பையில் இருந்தது. எதைச் செய்யும்போது நேரம் போவதே தெரியாது என்று தெரசா கேட்டார். அன்று காலை வந்த ஒரு தையல்காரரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நிறுத்தியபோது மதியம் இரண்டு மணி. வெட்கத்துடன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். தெரசா படித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "சாப்பாட்டையே மறந்துட்டுப் பேசுறீங்க. இதை விட்டுட்டு எங்க போகப் போறீங்க லா?"

போகவில்லை, ஓய்வு பெறும்வரை அங்கேயே மற்றவர்களைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் என் மனைவி மட்டும் அதை ஒரு வேலை என்று இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.