அக்காவுக்கு ஒரு அறை

எங்கள் சந்தில் பகலில் கதவு சாத்துகிற பழக்கம் கிடையாது. ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் சந்து. எதிரே ஒருவர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கதவைச் சாத்தினால் காற்று வராது. அதைவிட, சாத்திய கதவைப் பார்த்தால் யாருக்கும் பொறுக்காது. "இன்னாமே, உள்ள தனியா இன்னா துன்னுகினு கீறே?" என்று தட்டிவிடுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. போகப்போக நானும் அடுத்தவர் கதவைத் தட்டுகிறவளாகிவிட்டேன்.

சந்தின் கடைசி அறையில் அக்கா இருந்தாள். எழுபதைத் தாண்டியவள். என் மாமியாருக்கும் அவள் அக்காதான், என் மகளுக்கும் அக்காதான். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்று, பிள்ளை இல்லை. துறைமுகத்துக் கொட்டகையில் இறால் உரித்துப் பிழைத்தவள். கண் மங்கியதும் அந்த வேலை போயிற்று. விடிவதற்கு முன் மீன் ஏலத்துக்கு ஓடும் பெண்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு ஓடுவார்கள். அவளும் டீயில் பன்னைத் தோய்த்து ஊட்டி, மூக்கைச் சிந்திவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவாள். அவள் கையில் வளராத பிள்ளை எங்கள் சந்தில் இல்லை. என் மகளும் அப்படித்தான் வளர்ந்தாள்.

அறையின் சொந்தக்காரர் இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார். மழைக்காலத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். நாங்கள் கொதித்துப் போனோம். "எங்கூட்டுக்கு வந்துடுக்கா" என்று சொல்லாதவர் இல்லை. எல்லாரும் மனசாரத்தான் சொன்னோம். ஆனால் எங்கள் ஒவ்வொருவர் வீடும் ஒரே அறை. என் வீட்டுக்காரர் ராத்திரி ஷிஃப்டுக்குப் போனால்தான் நானே காலை நீட்டிப் படுக்க முடியும். அக்கா யாரிடமும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை, சிரித்துக்கொண்டாள். எங்கள் வீடுகளில் எவ்வளவு தரை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா?

மாதா கோயிலில் பாதர்தான் அந்த இடத்தைப் பற்றிச் சொன்னார். எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு மீனவர் கிராமத்தில், அந்தக் காலத்தில் யாரோ புண்ணியவான் எழுதிவைத்த தர்மக் குடியிருப்பு. வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஆதரவில்லாத வயதான பெண்களுக்கு வாடகை கிடையாது, சாப்பாடும் உண்டு, கடைசிவரை இருந்துகொள்ளலாம். நான் அக்காவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். காலியாகப் போகிற ஓர் அறையைத் திறந்துவிட்டார்கள். உள்ளே இரும்புக் கட்டில் இருந்தது. அக்கா அதில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்கப் பாயில் படுத்தவள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஜன்னல் விளிம்பில் கறுப்பாகப் படிந்திருந்தது.

"பெருக்கிக்கலாம்" என்றாள். "ஜன்னல் கீது பாரு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த ஜன்னலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஒன்று வேண்டும் என்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விண்ணப்பம் கொடுத்தோம். வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள் என்றார்கள். அங்கேதான் கெட்டது. எங்கள் சந்தில் யார் வீட்டுக்கு வெளியாள் வந்தாலும் அது சந்துக்கே வந்த விருந்து. பெண் பார்க்க வந்தால் ஒரு வீட்டு நாற்காலி, இன்னொரு வீட்டு எவர்சில்வர் தட்டு, மூன்றாவது வீட்டு டேபிள் ஃபேன் என்று எல்லாம் அந்த வீட்டுக்குப் போய்விடும். அக்காவுக்கும் அப்படியே செய்தோம். புதுப் புடவை கட்டிவிட்டோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஓர் அம்மாவும் ஒரு பெரியவரும் வந்தார்கள். வஞ்சிரம் வறுவலும் கலர் சோடாவும் வைத்து உபசரித்தோம். அறை கொள்ளாமல் வாசல்வரை நின்றோம்.

"உங்களைப் பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களாம்மா?" என்று அந்த அம்மா கேட்டார்.

அக்கா எங்களைப் பார்த்தாள். எங்களை எல்லாம் நிற்கவைத்துக்கொண்டு யாரும் இல்லை என்று எப்படிச் சொல்வாள்? எங்கள் பக்கம் அது சாபம் விடுகிற மாதிரி.

"எல்லாரும் கீறாங்கம்மா" என்றாள்.

பக்கத்து வீட்டு மீன்காரி சும்மா இருக்கவில்லை. "இன்னாம்மா இப்டி கேட்டுட்டீங்கோ? நாங்கோ அல்லாரும் அதும் பொண்ணுங்கதான். உசுரு கீற வரிக்கும் அக்காவ வுட்ருவமா?" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டாள். நாங்களும் ஆமாம் போட்டோம்.

வந்தவர்கள் மகிழ்ந்து போய்விட்டார்கள். அக்கா கொடுத்துவைத்தவள் என்றார்கள். அடுத்த வாரமே பதில் வந்தது. உறவும் ஆதரவும் நன்றாக இருப்பதால், இல்லாத வேறொருவருக்கு அறையைக் கொடுப்பதாக.

என் கோபத்தை யாரிடம் காட்டுவது? வந்தவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மீன்காரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்காதான் அவளைச் சமாதானப்படுத்தினாள்.

நான் மறுபடி போய், எங்கள் யார் வீட்டிலும் இடமில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லிக் கெஞ்சினேன். இன்னொரு அறை காலியாகிறது, திரும்ப வந்து பார்க்கிறோம் என்றார்கள். இந்தத் தடவை மீன்காரியே உத்தரவு போட்டாள். "ஒருத்தரும் வெளிய தல காட்டக் கூடாது. அல்லாரும் கதவ சாத்திக்கினு உள்ள கெடங்கோ. அக்கா, நீ யாரும் இல்லன்னு சொல்லிடு. நாங்கோ ஒண்ணியும் நெனச்சிக்க மாட்டோம்."

அக்கா தலையாட்டினாள்.

அவர்கள் மதியத்தில் வந்தார்கள். சந்து முழுக்கக் கதவு சாத்தியிருந்தது. அப்படி ஒரு மதியத்தை நான் அங்கே கண்டதில்லை. டிவி கிடையாது, குழாயடிச் சண்டை கிடையாது. அக்கா அறைக்கு நேரெதிர் வீட்டில், கதவுக்குப் பின்னால், நானும் மீன்காரியும் வேர்த்து விறுவிறுத்து நின்றோம். செருப்புச் சத்தம் எங்கள் கதவருகே வந்து நின்றது. பிறகு அதே கேள்வி.

கதவிடுக்கில் பார்த்தேன். அக்கா பழைய புடவையில், வெறுந்தரையில், வாசலைப் பார்க்க உட்கார்ந்திருந்தாள். எங்கள் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாராவது இருக்காங்களாம்மா?"

"யாரும் இல்ல" என்றாள் அக்கா.

மீன்காரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கதவைத் திறக்க வேண்டும்போல் எனக்குக் கை பரபரத்தது. திறந்தால் அறை போய்விடும். நின்றேன்.

அறை கிடைத்தது. சந்தே கூடி வழியனுப்பியது. ஆளுக்கொரு பாத்திரம், போர்வை, கருவாடு என்று ஷேர் ஆட்டோவில் ஏற்றினோம். அக்கா யாரையும் கட்டிக்கொண்டு அழவில்லை. பிள்ளைகளின் கன்னத்தை மட்டும் தடவிவிட்டு ஏறிக்கொண்டாள்.

முதலில் எல்லாரும் மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்தார்கள். பிறகு ஏலம், வேலை, பஸ் என்று குறைந்தது. நான் முடிந்த ஞாயிறுகளில் போவேன். அக்கா உடம்பு தேறியிருந்தாள். கட்டிலும் பழகிவிட்டது. காலையும் மாலையும் சாம்பலைத் துடைத்து ஜன்னலைப் பளிச்சென்று வைத்திருப்பாள். அறைக்கதவை மட்டும் சாத்துவதே இல்லை என்று பக்கத்து அறைக்காரி புகார் சொன்னாள்.

ஒரு ஞாயிறு, தட்டில் எனக்கு மீன் குழம்பு ஊற்றியபடியே சொன்னாள்:

"அன்னிக்கி நா யாரும் இல்லன்னு சொல்றச்ச, ஒரு கதவாவது தொறக்கும்னு பாத்தேன்."

"அக்கா, நாமளே சொல்லிவெச்சிதானே சாத்தினோம்? உனக்குத் தெரியாதா?"

"தெரியும் கண்ணு" என்றாள். "தெரிஞ்சிதான் பாத்தேன்."