பட்டறையில் தட்டு மாற்றிய சம்பந்தி

கடலூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கு நின்றிருந்தபோது மருமகன் செல்லில் கூப்பிட்டார். "மாமா, அப்பா போயிட்டாரு" என்றார். மேற்கொண்டு கேட்க எனக்குத் தெம்பில்லை. இந்த வயதில் சாவுச் சேதி வந்தால் அழுகைக்கு முன்னால் அசதிதான் வருகிறது. அப்படியே சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

என் சம்பந்தி கலியமூர்த்தியைக் கூட்டுறவு சங்கத்து எழுத்தராக உங்களில் பலருக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் இரண்டு பஜ்ஜி தின்றுவிட்டு, வாயே திறக்காமல் போனவர். அவர் யார் என்பது எனக்குத் தெரிந்தது நிச்சயதார்த்தத்தன்றுதான்.

2005இல் என் மகள் கவிதாவுக்குச் சிதம்பரத்தில் நிச்சயம். பத்தாவதைத் தாண்டாத எனக்கு அப்போது ஒரு பழைய காரும், அதைவிடப் பெரிய பெருமையும் இருந்தன. சொந்தக் காரில் போய் இறங்க வேண்டுமென்று மனைவி, மகள், மச்சான், வாழைத்தார், தேங்காய் மூட்டை எல்லாவற்றையும் திணித்தேன். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி 'டொம்' என்றது. பின்பக்கத்துப் பாரத்தைத் தாங்கும் கமான் பட்டை ஒடிந்து, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. பக்கத்துப் பட்டறைவரை தள்ளிக்கொண்டு போனோம்.

"ரெண்டு பக்கமும் மாத்தணும் சார். ஒண்ண மட்டும் மாத்துனா வண்டி நொண்டும்" என்றார் மெக்கானிக். பட்டையும் சிதம்பரத்திலிருந்துதான் வர வேண்டும்.

"ஒண்ணே போதும்பா, நல்ல நேரம் போயிடும்" என்று கெஞ்சினேன்.

"அபசகுனம் மாமா, திரும்பிடலாம்" என்றான் மச்சான்.

சம்பந்திக்குப் போன் போட்டேன். "யாருக்காச்சும் அடி பட்டுச்சா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப அங்கயே இருங்க. பட்டைய நான் வாங்கியாறேன்."

மாப்பிள்ளை, உறவுக்காரர்கள், ஐயர், பட்டைகள் எல்லாம் ஒரே வேனில் வந்து இறங்கின. இறங்கியதுமே மாப்பிள்ளையின் தாய்மாமன், "வர்ற வழியிலயே ஒடஞ்சி போச்சி. தள்ளிப் போடுங்க" என்றார். தள்ளிப் போடுவதென்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சாய்ந்த காருக்குள் என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கலியமூர்த்தி சத்தம் போடவில்லை. "ஒடஞ்சது பட்டை. பட்டையத்தான் மாத்துவாங்க, பொண்ணயா மாத்துவாங்க?" என்றார். பிறகு மெக்கானிக்கிடம், "நீ நிதானமா ரெண்டு பக்கமும் மாத்துப்பா. நாங்க இங்கயே தட்ட மாத்திக்கிறோம்" என்றார்.

அவசரத்தில் நான் தட்டை பானட்டின்மேல் வைத்துவிட்டேன். "சார், ஜாக்கி போட்டிருக்கு! அதுமேல எதையும் வெக்காதீங்க!" என்று அடியிலிருந்து குரல் வந்தது. ஸ்பேனர்களை ஒதுக்கி, மேசையில் பேப்பர் விரித்து, மண்ணெண்ணெய் வாடையில் தட்டு மாற்றினோம். "கைய தொடச்சிக்கிங்க சம்பந்தி, வெத்தலையெல்லாம் கிரீஸு" என்று அவர் சிரித்தார்.

கல்யாணமாகிச் சில வருஷம் கவிதாவுக்குக் குழந்தை இல்லை. "அன்னைக்கே திரும்பியிருக்கணும்" என்று என் மனைவியே புலம்ப ஆரம்பித்தாள். எனக்கும் உள்ளுக்குள் அதுதான் ஓடியது. திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தபோது, "உங்க வீட்ல யாராச்சும் அந்தப் பேச்ச..." என்று இழுத்தேன். "எந்தப் பேச்சு?" என்றார். "வெயில் ஜாஸ்தியா இருக்கு. வாங்க, மோர் குடிக்கலாம்."

பேத்தி பிறந்தாள். சேதி கேட்டு நான் பஸ் ஏறிப் போன அன்று, வாசலில் அவரைக் கிடத்தியிருக்க, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கவிதா என்னிடம் வந்தாள்.

"அந்த வீட்டுல என்னைய ஒருத்தரும் ஒரு வார்த்த கேட்டதில்லப்பா. ஏன்னு அத்த இன்னைக்குத்தான் சொன்னாங்க. கொழந்த இல்லாதப்ப அத்தயோட அண்ணன் வந்து பட்டை ஒடஞ்சத ஆரம்பிச்சாராம். இதப் பேசறதா இருந்தா என் வாசப்படி ஏறாதன்னுட்டாராம் மாமா."

அந்தத் தாய்மாமன் அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரவேயில்லையாம். அன்றுதான் வந்திருந்தார். பந்தல் ஓரம் உட்கார இடமில்லாமல் நின்றவருக்கு ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன். அவருக்கும் வயதாகிவிட்டது. என்னிடமும் கோபப்படத் தெம்பு மிச்சமில்லை.

கலியமூர்த்தி என் மகளுக்காகத் தன் மனைவியின் அண்ணன் உறவையே இழந்திருக்கிறார்; என்னிடம் அதை மூச்சுவிடவில்லை. அத்தனை வருஷமும் என் மகள் அந்த வீட்டில் எந்தச் சொல்லும் காதில் விழாமல் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். அந்தத் தூக்கத்தைத்தான் அவர் விட்டுப்போன நினைவாக நான் வைத்திருக்கிறேன்.