சோடாப் பெட்டியின் கைப்பிடி

என் மேசைமேல் ஓர் இரும்புக் கைப்பிடி கிடக்கிறது. கோட்டாற்றில் என் அண்ணன் கோலி சோடாக் கடை நடத்தினான். தண்ணீர் நிரப்பிய குப்பியைப் பெட்டிக்குள் பூட்டி, கேஸ் ஏற்றியபடி அந்தப் பெட்டியைச் சுற்றுவதற்கான பிடி இது. ஒருநாள் பெட்டிக்குள் வெடித்த குப்பியின் சில்லு அண்ணனின் இடக்கண்ணைக் கொண்டுபோயிற்று. அதன்பிறகுதான் அவன் மனைவி, என் மைனி, கடைக்குள் கால் வைத்தாள்.

அவள் எதையும் தலைகீழாகப் புரட்டிப்போடவில்லை. முதலில் பெட்டியின் முன்னால் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டாள். அது சரிப்பட்டபின், கீறல் விழுந்த குப்பிகளைக் கழுவும்போதே ஒதுக்கச் சொன்னாள். கழுவுகிறவன் நான்தான். பிறகு, சுற்றுகிற ஆளைப் பெட்டிக்குப் பக்கவாட்டில் நகர்த்தி நிறுத்தினாள். "எல்லாத்தையும் ஒரேடியா மாத்தாண்டாம் மக்கா. ஒண்ண மாத்துவோம், என்னாகுதுன்னு பாப்போம்" என்பாள். அப்படிப் பார்த்ததில்தான், வெடிப்பவை பெரும்பாலும் நடுவெயிலில் வண்டியில் திரும்பி வந்த குப்பிகள் என்பது பிடிபட்டது. கொதிக்கிற குப்பியில் சில்லென்ற கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தோம். இனி நிழலில் ஆறாத குப்பி பெட்டிக்குப் போகாது என்றாள் மைனி. அண்ணனுக்கு எரிச்சல். "சோடா விக்கியா, இல்ல குப்பிக்குத் தாலாட்டு பாடுதியா?" என்று கேலி செய்வான்.

அந்த வருடத் திருவிழாவுக்கு எங்களிடம் மொத்தமாகச் சோடா எடுத்த வியாபாரி, உச்சிவெயிலில் வண்டி நிறையக் காலிக் குப்பிகளோடு வந்து நின்றார். உடனே நிரப்பித் தராவிட்டால் வடசேரிக் கடைக்கு வண்டியை விடுவேன் என்றார். அந்த வியாபாரத்தை நம்பித்தான் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் ஒரு குப்பியை எடுத்துத் தண்ணீர் பிடித்தான்.

"ஆறட்டும்" என்றாள் மைனி.

"ஏட்டி, அவரு போயிருவாரு. வழிய விடு."

மைனி பெட்டி முன்னால் தொங்கிய சாக்கை உருவிப் போட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு நேர் எதிரே முகத்தைக் கொடுத்து நின்றாள்.

"அப்போ நான் சுத்துதேன். நீங்க குப்பியப் பூட்டுங்க. எனக்கு ரெண்டு கண்ணு இருக்குல்லா."

அண்ணன் குப்பியும் கையுமாக நின்றான். வியாபாரி வண்டியைத் திருப்பச் சொன்னார். சக்கரச் சத்தம் தெருமுனையில் அடங்கும்வரை மூன்று பேரும் அசையவில்லை. பிறகு அண்ணன் குப்பியைக் கீழே வைத்து, கைப்பிடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான். மறுநாள் பார்த்தால், வண்டி வந்து நிற்கும் இடத்துக்கு ஓலைப்பந்தல் போட்டுக்கொண்டிருக்கிறான். யாரும் சொல்லாமல் அவனாகச் செய்த முதல் மாற்றம் அது.

திருவிழா வியாபாரம் எங்களிடம் திரும்பவேயில்லை. அந்த வருடத்தைக் கஞ்சி குடித்துத்தான் கடத்தினோம். ஆனால் கைப்பிடி அன்றிலிருந்து மைனியிடமே இருந்தது. தினமும் காலையில் அண்ணன் அவளிடம் கேட்டு வாங்குவான். அவள் குப்பிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தருவாள்.

இப்போது பெரிய ஆலைகளில் குப்பிகள் தாமாகவே நிரம்புகின்றன என்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. மைனி இறந்தபிறகு அண்ணன் கடையைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, இந்தக் கைப்பிடியை என்னிடம் நீட்டினான்.

"இனி யாருகிட்டலே கேட்டு வாங்குவேன்?" என்றான்.