அண்ணனின் காரும் கொட்டகைக் கதவும்

எங்கள் அண்ணனை மண்ணுக்குக் கொடுத்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் அன்று அடக்கத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள்மேல் வருத்தமில்லை. இன்று ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பாதியில் மூடி வைக்காமல் கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

அண்ணன் பிறந்தது பெங்களூர் கண்டோன்மெண்டில். வேலூர்ப் பக்கத்திலிருந்து பள்ளி ஆசிரியராக வந்த எங்கள் அப்பா, அண்ணனுக்குப் பதினேழு வயதாகும்போது காலமானார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு ஓர் அரசு அலுவலகத்தில் படம் வரையும் வேலைக்குப் போனார். தாம் விட்ட படிப்பை என்னைப் படிக்க வைத்தார். நான் இன்று ஆசிரியையாக நிற்பது அவர் போட்ட சோற்றில்தான்.

யுத்தத்துக்கு முன், சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து பழைய காரொன்றை வாங்கி வந்தார். இரண்டே பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. பந்தயத்துக்கென்று செய்த வண்டி. வரும்போதே அதற்குப் பத்து வயது. “யானையைக் கட்டித் தீனி போடப் போறியா?” என்றார் அம்மா. “குடும்பத்தோட கோயிலுக்குப் போகணும்னா நாலு ட்ரிப் அடிக்கணும்” என்று எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் முழுக்கச் சிரித்தது. அண்ணி மட்டும் முந்தானையைத் தலையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான் எதையும் மறந்துவிடுவேன் என்று ஒரு நோட்டில் எழுதியும் கொடுத்தார். ‘அடுத்து ஓட்டுகிறவருக்கு’ என்று தலைப்பு. அந்த நோட்டைப் பற்றி உங்களில் சிலர் பேசியிருக்கிறீர்கள். அதில் இருப்பது இதுதான்:

“வண்டி கிளம்பாவிட்டால் திட்டாதே. பெட்ரோல் வருகிறதா பார். வந்தால், பிளக்கில் பொறி வருகிறதா பார். ஒரே சமயத்தில் இரண்டு திருகைத் திருப்பாதே. எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். பிளக்கைக் கழற்றி நிறம் பார். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, பிஸ்கட் நிறமே சரி. கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்தால் கழற்ற அவசரப்படாதே. உள்ளே ஊசி சிக்கியிருக்கும். மரப்பிடியால் லேசாக ஒரு தட்டுத் தட்டு. ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, உப்புப் படியும். மழைத் தண்ணீர் பிடித்து வை. இறக்கம் இறங்கியதும் நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் இறுகிப் பிடிக்கிறது. ரேஷன் கூப்பனுக்குக் கிடைக்கிற பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் டக் டக் என்று சுத்தியலால் அடிக்கிற சத்தம் கேட்கும். பயப்படாதே.”

இவற்றுக்கெல்லாம் மேலே, முதல் வரியாக, சிவப்பு மையில் ஒன்று எழுதியிருந்தார். “கொட்டகைக் கதவு இரண்டும் திறந்திருக்காமல் என்ஜினை ஓடவிடாதே. இந்தப் புகை ஆளுக்குத் தெரியாமலே ஆளைச் சாய்க்கும்.”

யுத்தத்தின் நடுவில் அண்ணி பிரசவத்தில் போனார்; குழந்தையும் தங்கவில்லை. அண்ணன் அழுது நான் பார்க்கவில்லை. வேலை முடிந்து வந்தால் நேரே கொட்டகைதான். சாப்பிடக் கூப்பிட்டால் “வர்றேன் பாப்பா” என்பார், தட்டு ஆறிப்போகும். ஆறு மாதம் இப்படியே ஓடியது.

அன்று சனிக்கிழமை, மாலை நான்கு மணி. நல்ல மழை. எங்கள் வீட்டில் பெண்கள் சங்கத்தின் ஜெபக்கூட்டம். மறுநாள் ஞாயிறு, கால்வலியால் நாலு மாதமாக ஆலயத்துக்குப் போகாத அம்மாவைக் காரில் கூட்டிப்போவதாக அண்ணன் சொல்லியிருந்தார். அதற்காக வீட்டை ஒட்டிய கொட்டகையில் என்ஜினை ஓடவிட்டு வண்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் ஜெபம் யார் காதிலும் விழவில்லை. போதகரின் மனைவி இரண்டு முறை திரும்பி ஜன்னலைப் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது. எழுந்து மழையில் ஓடினேன்.

“அண்ணா, உங்க வண்டிக்கு இன்னைக்குத்தான் நேரமா? ஜெபம் நடக்குது, கதவ சாத்தறேன்” என்று கத்தினேன். அவர் பானெட்டுக்குள் குனிந்திருந்தார். திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினார். சரி என்றாரா, வேண்டாம் என்றாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சிவப்பு மை வரி எனக்கு நினைவிருந்தது. ஐந்து நிமிஷம்தானே என்று நினைத்தேன். காற்றில் கதவு திரும்பத் திரும்பத் திறந்துகொண்டது. வெளிக் கொக்கியை மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து, எல்லோருக்கும் காபி கொடுத்து, அவருக்கும் ஒரு தம்ளர் எடுத்துக்கொண்டு போனபோதுதான் கொக்கி நினைவுக்கு வந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கொக்கியைக் கழற்றினேன். அதற்குப் பிறகுதான் அலறினேன். ஓடி வந்தவர்கள் பார்த்தது திறந்த கதவை. உள்ளே சாத்திக்கொண்டு இருந்தார் என்று அவர்களாகவே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பெண்டாட்டி பின்னாலேயே போய்விட்டான் என்றார்கள். நோட்டைக் காட்டி, வண்டியை அடுத்தவனுக்கு எழுதிவைத்துவிட்டான் பார் என்றார்கள். கதவுக்கு இரண்டடியில் விழுந்து கிடந்ததால், கடைசி நேரத்தில் மனம் மாறியிருக்கிறான் என்றார்கள். கோயில் மணி அடிக்கவில்லை. அண்ணி பக்கத்தில் இடமில்லை என்று கல்லறைத் தோட்டத்தின் சுவரோரம் வைத்தார்கள். ஓராண்டாக அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “தானா உயிர விட்டவனுக்கு மோட்சம் கிடையாதாமே, அப்பிடியாடி?” அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும், ஜெயிலில் போடுவார்கள் என்று பயந்தேன். அண்ணன் என்ன கோழையா? கோழை நான்தான்.

அண்ணன் தம் உயிரைப் போக்கிக்கொள்ளவில்லை. கதவைச் சாத்தியது நான். போலீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர்தான். பெட்டியைச் சுமக்க வந்த ஆறு பேருக்கு நன்றி. ஊர் ஒதுங்கிய வீட்டுக்கு ஒரு வாரம் சோறு அனுப்பிய எதிர்வீட்டாருக்கு நன்றி. அண்ணனோடு சேர்ந்து அந்த வண்டியைப் பழுதுபார்த்த பிரேசர் டவுன் மெக்கானிக் கரீம் பாய்க்கு என் ஆயுள் முழுவதும் நன்றி. சபை மூப்பர்கள் முன்னால் அவர் ஒருவர்தான் பேசினார். “சாகப்போற ஆளு நாலு பிளக்கையும் தொடச்சு, இடைவெளி பாத்து மாட்டுவானா சாமி? நாளைக்கு ஓட்டப்போறவன்தான் மாட்டுவான்” என்றார். யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. சபையாரிடம் என் விண்ணப்பம் ஒன்று: அன்று அடிக்காத மணியை இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்காக அடியுங்கள்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை. அச்சுக்குக் கொடுக்குமுன் இதை நான்தான் வாசித்துக் காட்டினேன். அம்மா அழவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. “கதவத் தட்டினானாடி?” என்று மட்டும் கேட்டார்.

தட்டினார். பாட்டு நடக்கும்போது டக் டக் என்று மூன்று தடவை கேட்டது. கூப்பன் பெட்ரோல் சத்தம் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த சரணத்தை எடுத்துக்கொடுத்தேன்.