மாதா படத்துக்குப் பின்னால் எரிந்த விளக்கு

அன்று காரில் இருந்தவர்கள்: ஓட்டிய என் தம்பி, அவன் பக்கத்தில் என் கணவர், பின் சீட்டில் மாமியாரும் நானும், என் மடியில் இரண்டு மாதக் கைக்குழந்தையாக என் மகள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி லீவில் வந்திருந்த தை மாதம் அது. மகளின் ஞானஸ்நானத்துக்காகத் தஞ்சாவூரிலிருந்து பூதலூர் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். தம்பிதான் ஞானத்தகப்பன்.

அவன் வாங்கியது பழைய கார். வாங்கிய வாரமே மீட்டர் பக்கத்தில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தது. நான் எட்டாவதோடு நின்றவள். ஏ.பி.எஸ். என்ற எழுத்துகளைப் படித்தேனே தவிர, அர்த்தம் தெரியாமல் தூக்கமே போயிற்று. பிரேக் பிடிக்கும், ஆனால் சட்டென்று மிதித்தால் சக்கரம் சுழலாமல் இறுகி வண்டி வழுக்கும், அதைத் தடுக்கிற சென்சார்தான் கெட்டிருக்கிறது, சென்னையிலிருந்து வர வேண்டும் என்று மெக்கானிக் சொன்னாராம். நான் விடாமல் புலம்பியதால் தம்பி விளக்கின் மேல் சின்ன மாதா படம் ஒன்றை ஒட்டிவிட்டான். வெளிச்சமோ படத்தைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி கசிந்தது. மாமியார் அதைப் பார்த்துப் பக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டார். நான் பயத்தில் போட்டுக்கொண்டேன்.

வழியெல்லாம் "மெதுவா போடா" என்று நச்சரித்தேன்.

"அக்கா, சைக்கிள்ல போறவரு நம்மள முந்திட்டுப் போறாரு. வேணும்னா எறங்கித் தள்ளிக்கிட்டே வரட்டுமா?" என்றான். ஆனாலும் என் வாய்க்குப் பயந்து உருட்டிக்கொண்டுதான் போனான்.

அறுவடை நேரம். பாதி ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே பஸ் வர, தம்பி நெல்லின் மேல் ஒதுங்கினான். அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு குறுக்கே ஓடியது. பிரேக்கை அழுத்தி மிதித்தான். சக்கரம் நின்றுவிட்டது, கார் நிற்கவில்லை. எண்ணெயில் போவதுபோல் நெல்லில் வழுக்கிக்கொண்டே போனது. ஓரத்தில் வாய்க்கால். குழந்தையை நெஞ்சோடு அணைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பொத்தென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் முன்கண்ணாடி முழுக்க வைக்கோல். வாய்க்கால் கரையில் குவித்திருந்த வைக்கோல் எங்களைப் பிடித்து நிறுத்தியிருந்தது. மகள் கொட்டாவி விட்டாள்.

நெல்லுக்குச் சொந்தக்கார அம்மா ஓடி வந்தார். முதலில் குழந்தையை வாங்கித் தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தார். பிறகுதான் தன் நெல்லைப் பார்த்தார்.

"மெதுவா உருட்டிக்கிட்டு வந்ததால பொழச்சீங்க. சரி, எறங்கிக் கூட்டிக் குடுத்துட்டுப் போங்க."

பட்டுப்புடவையும் புதுச் சட்டையுமாக ரோட்டில் நெல் கூட்டினோம். மகள் அந்த அம்மாவின் தோளில் தூங்கிப்போனாள். குனிந்தபடியே என் பக்கம் வந்த தம்பி, "அக்கா, இந்த வண்டிக்கு உன் வாய்தான் பிரேக்" என்றான்.

கோயிலில் ஃபாதர் பொறுமையாகக் காத்திருந்தார். தண்ணீர் ஊற்றுவதற்காகக் குழந்தையைச் சாய்த்தபோது போர்வையிலிருந்து நெல்மணிகள் உதிர, அவரே சிரித்துவிட்டார்.

மறு வாரம் சென்சாரை மாற்றினான் தம்பி. மாதா படத்தைச் சுற்றி வெளிச்சம் போனதில் மாமியாருக்குத்தான் வருத்தம். பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் கேலி செய்தால் முன்பெல்லாம் என் முகம் சுண்டிவிடும். இப்போது நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டே, "மெதுவா போடா" என்று இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன்.